பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காத என் தம்பி கனடிய ஃபுட்பாலில் ரன்னிங் பேக் ஆக முடியுமா?

முடியும். ஆண்ட்ரூ ஹாரிஸ் என்ற ரன்னிங் பேக்கின் பெயரைத் தம்பியிடம் சொல்லுங்கள், அவருடைய கதையே உங்கள் கேள்விக்குப் பதில்.

முதலில் அந்த இடம் ஏன் கடினம் என்று சொல்லிவிடுகிறேன். இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால் போலப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பந்தை மார்போடு இறுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவதுதான் ரன்னிங் பேக்கின் வேலை. 10 யார்டு முன்னேற அமெரிக்க ஆட்டத்தில் 4 முயற்சி உண்டு, கனடாவில் 3 தான், அதனால் இங்கே அணிகள் பந்தை எறிந்தே தூரத்தைப் பிடிக்கப் பார்க்கும், ஓடுபவருக்கு வாய்ப்பு குறைவு. இன்னொன்று, அணியில் இத்தனை கனடியர்கள் ஆட வேண்டும் என்று விதி இருந்தாலும் அவர்களை வேறு இடங்களில் போட்டுவிட்டு, இந்த இடத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்கர்களைத்தான் எடுப்பார்கள்.

ஹாரிஸ் 1987-ல் கனடாவின் வினிப்பெக் நகரில் பிறந்தவர். பல்கலைக்கழக ஆட்டம் ஆடியதே இல்லை. நனைமோவில் வான்கூவர் ஐலண்ட் ரைடர்ஸ் என்ற ஜூனியர் அணியில் ஆடி, அங்கிருந்து கனடாவின் தொழில்முறை லீக்கில் ஆடும் பி.சி. லயன்ஸ் அணிக்குப் போனார். அந்த லீக்கின் கோப்பையான கிரே கப்பின் 2011 இறுதியில் தன் சொந்த ஊர் அணியையே தோற்கடித்து, சிறந்த கனடிய வீரர் விருதும் வாங்கினார்.

அப்புறம் 2016-ல் அதே ஊர் அணியான வினிப்பெக் புளூ பாம்பர்ஸுக்கே வந்தார். 2017 முதல் 2019 வரை மூன்று ஆண்டும் லீக்கிலேயே அதிக தூரம் ஓடியவர் இவர்தான். ஓட்டம் மட்டுமில்லை, 2017-ல் 105 பந்துகளைப் பிடித்திருக்கிறார், மூன்று முயற்சி ஆட்டத்தில் ஒரு ரன்னிங் பேக் நிலைத்து நிற்க அதுதான் வழி என்று நான் நினைக்கிறேன். 2019 ஆகஸ்டில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2 ஆட்டங்கள் தடையும் வந்தது, தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார். அந்த நவம்பரில் கிரே கப் இறுதியில் 134 யார்டு, 2 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுப்பது). ஆட்ட நாயகன், சிறந்த கனடியர் இரண்டும் ஒரே ஆளுக்குப் போனது அதுதான் முதல் முறை. வினிப்பெக் 1990-க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதும் அன்றுதான். எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

35 வயதில், 2022-ல், டொராண்டோவுக்கு ஆடும்போது மார்புத் தசை கிழிந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். நவம்பரில் திரும்பி வந்து, கிரே கப் இறுதியில் வினிப்பெக்கை 24-23 என்று வென்ற அணியில் இருந்தார்.

சரி, தம்பிக்கு: ஜூனியர் லீக்கில் 22 வயது வரை ஆடலாம். பக்கத்தில் எந்த அணி இருக்கிறது என்று பார்த்து, அவர்கள் ஆள் எடுக்கும் நாளைக் கேளுங்கள். ஓடுவதோடு பந்து பிடிக்கவும் இப்போதே பழகச் சொல்லுங்கள்.