கேள்வி – பதில்: எட்டடி வீரரும் தரையில் ஆடும் கைப்பந்தும்

கேள்வி: பாராலிம்பிக்கில் ஈரானுக்காகத் தரையில் அமர்ந்து கைப்பந்து ஆடும் எட்டடி உயர வீரரின் படத்தைப் பார்த்தேன். மிகை உயரமும் ஊனமாகக் கருதப்படுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கருதப்படாது. நீங்கள் பார்த்தவர் மொர்தேசா மெஹ்ர்சாத். 1987-இல், காஸ்பியன் கடலோரத்தில் உள்ள சாலூஸ் நகரில் பிறந்தவர். உடலில் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகாலி என்னும் கோளாறினால் அவர் 246 செ.மீ. உயரம் வளர்ந்தார். பதின்பருவத்தில் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்ததும் வலக்காலின் வளர்ச்சி மட்டும் நின்றுபோனது. இன்று அது இடக்காலைவிட ஏறக்குறைய 15 செ.மீ. குட்டை. நடக்க ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ தேவைப்படுகிறது. பாராலிம்பிக்கில் ஆடும் தகுதியை அவருக்குத் தந்தது இந்தக் கால் நீள வேறுபாடுதான். உயரக் குறைவை ஊனமாக ஏற்கும் பாராலிம்பிக் விதிகள், உயர மிகுதியை ஏற்பதில்லை என்பது வேடிக்கைதான்.

ஊரார் வெறித்துப் பார்ப்பதற்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவர் அவர். 2011-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபோது, தேசிய அணியின் பயிற்சியாளர் ஹாதி ரெசாயியின் கண்ணில் பட்டார். 2016-இல் அணிக்குள் வந்தார். அதே ஆண்டு ரியோ இறுதியாட்டத்தில் போஸ்னியாவை ஈரான் 3-1 என வென்றபோது, அவர் ஒருவரே 28 புள்ளிகள் எடுத்தார். டோக்கியோவிலும் 2024-இல் பாரிஸிலும் தங்கம் தொடர்ந்தது.

கேள்வி: பாரிஸில் அவர் தரையில் படுத்துறங்கினார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், சிவகாசி

பதில்: அவர் நீளத்துக்கு ஏற்ற கட்டில் இல்லாததால் தரையில்தான் படுக்கப் போகிறார் என்று பயிற்சியாளர் ரெசாயியே பாரிஸில் சொன்னார். டோக்கியோவில் தனிக் கட்டில் செய்து கொடுத்திருந்தார்கள்.

கேள்வி: இவ்வளவு உயரமானவரை ஆட விடுவது எதிரணிக்கு அநீதி இல்லையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உயரத்தின் பலன் பெரிது, அதை மறுப்பதற்கில்லை. அமர்ந்து ஆடும் கைப்பந்தில் ஆண்களுக்கான வலையின் உயரம் 1.15 மீட்டர், மெஹ்ர்சாத் உட்கார்ந்தபடி கையைத் தூக்கினாலோ அது இரண்டு மீட்டரைத் தொட்டுவிடப் பார்க்கும். பந்தை உயரத் தூக்கிக் கொடுத்துவிட்டால், தடுக்க வரும் கைகளுக்கு மேலேயே அவர் அதை அடித்து இறக்கிவிடுவார். இந்த ஆட்டத்தில் எதிரணியின் சர்வீஸையே வலையருகில் தடுக்கலாம் என்பதால் அங்கும் உயரம் கைகொடுக்கும்.

ஆனால் பந்தை அடிக்கும்போது பிட்டம் முதல் தோள்வரை உள்ள உடற்பகுதி முழுவதுமாகத் தரையை விட்டு எழக்கூடாது; எழுந்தால் தவறு. ஆகவே 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், உள்ளங்கைகளை ஊன்றி உடலைத் தள்ளிக்கொண்டுதான் நகர வேண்டும். பந்து வந்து சேரும் நொடியில் அதே கைகள் தரையை விட்டு மேலெழுந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய உடலை நகர்த்துவது எளிதன்று. பந்தைச் சரியாக எடுத்து, உயரத்துக்கு அனுப்பித் தரும் தோழர்கள் இல்லையெனில் அந்த நீளக் கை வெறுமனே காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தத் தோழர்களின் பரம்பரை பழையது. ஈராக்குடனான போரில் உறுப்பிழந்தவர்களிடையே ஈரானில் இந்த ஆட்டம் பரவியது. 1988-இல் சியோலில் முதன்முறையாகக் கலந்துகொண்ட அந்நாடு அப்போதே தங்கம் வென்றது. மெஹ்ர்சாத் வருவதற்கு முன் ஆடிய 7 பாராலிம்பிக்குகளில் 5 தங்கம், 2 வெள்ளி. அந்த இரு வெள்ளிகளும், 2004-இலும் 2012-இலும், போஸ்னியாவிடம் தோற்றுக் கிடைத்தவை. மெஹ்ர்சாத் வந்தபின் பாராலிம்பிக் இறுதியாட்டத்தில் போஸ்னியாவால் ஈரானை வெல்ல முடியவில்லை.