அஞ்சலி இசையில் வாசிப்பவரின் துயரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காற்றுக்கருவிகளும் தாளக் கருவிகளும் கொண்ட ஒரு கான்சர்ட் பேண்டில் நான் இரண்டாம் கிளாரினெட் வாசிக்கிறேன். ஒரு விபத்தில் உயிரிழந்தவர்களின் நினைவு நாளுக்காக எங்கள் குழு ஓர் அஞ்சலி இசையைப் பயின்று வருகிறது. பெரும்பாலும் விளம்ப காலம், பெரும்பாலும் மெல்லிய ஒலி. ‘உணர்ந்து வாசியுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இறந்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களை நினைத்துக்கொண்டு வாசிக்க முயன்றால் தொண்டை அடைத்து ஒலி உடைகிறது. நினைக்காமல் தாளத்தை மட்டும் எண்ணி வாசித்தால் பொய்யாக வாசிப்பதாகத் தோன்றுகிறது. அணிவகுப்புக்கும் விழாவுக்கும் உரிய பேண்டுக்கு இந்த இசை பொருந்துமா என்று குழுவில் ஒருவர் கேட்கவும் செய்தார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் குழுவினர் கேட்ட கேள்விக்கு வரலாறே பதில் வைத்திருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பிரான்சின் 1830 ஜூலைப் புரட்சியில் மாண்டவர்களின் எச்சங்களை, பத்தாண்டுகளுக்குப் பிறகு, பாரிஸின் பாஸ்டீல் சதுக்கத்தில் எழுப்பப்பட்ட தூணின் அடியில் அடக்கம் செய்ய முடிவானபோது, அந்த நிகழ்வுக்கான இசையை எழுதும் பொறுப்பைப் பிரெஞ்சு அரசு இசையமைப்பாளர் எக்டர் பெர்லியோஸிடம் ஒப்படைத்தது. அவர் ஏறத்தாழ 200 பேர் கொண்ட ராணுவ பேண்டுக்காக ஒரு சிம்பொனியை எழுதினார். அதன் இரண்டாம் பகுதியில் இறந்தவர்களுக்கான இரங்கல் உரையை நிகழ்த்துவது டிராம்போன் என்ற ஒற்றைப் பித்தளைக் குழல். மனிதக் குரல் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு காற்றுக்கருவியை நிறுத்தியது மிகச் சரியான முடிவு என்றே எப்போதும் எண்ணி வந்திருக்கிறேன். வயலினில் வில்லைத் திருப்பித் திருப்பி இழுத்து ஒரு கார்வையை, அதாவது நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை, விரும்பும்வரை நீட்டலாம். டிராம்போனின் கார்வைக்கோ வாசிப்பவரின் மூச்சுதான் எல்லை.

தொண்டை அடைப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. கண்ணீர் வரும்போது தொண்டை இறுகுகிறது, உதரவிதானம் அதிர்கிறது, மூச்சு துண்டு துண்டாகிறது. வயலின் கலைஞர் அழுதுகொண்டே ஓரளவு வாசித்துவிட முடியும். கிளாரினெட் வாசிப்பவரால் முடியாது, ஏனென்றால் அழுகையும் இசையும் ஒரே மூச்சைக் கேட்கின்றன. ஆகவே இறந்தவர்கள் யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள், யாரை விட்டுச் சென்றார்கள் என்பதையெல்லாம் ஒத்திகை நாட்களிலேயே அறிந்துகொள்ளுங்கள். அழ வேண்டுமென்றால் அப்போதே அழுதுவிடுங்கள். மேடையில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது முழுக் கவனம். எண்ணிக்கையைப் பார்த்து வாசிப்பதைப் பொய் என்று கருதாதீர்கள். துயரம் ஏற்கெனவே ஸ்வரங்களில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கவனம் தவறினால்தான் அது கேட்பவரைச் சென்று சேராமல் போகும்.

இசையமைப்பாளர் காரெல் ஹூசாவின் ‘பிராக் 1968-க்கான இசை’யைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகுக்குள் நுழைந்ததைத் தொடர்ந்து, அந்நகரில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்துவந்த ஹூசா அதைக் கான்சர்ட் பேண்டுக்காக எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டில் செக் சமயச் சீர்திருத்தவாதிகளான ஹுஸைட்டுகள் பாடிய போர்ப்பாடல் ஒன்று, தொடக்கத்தில் டிம்பனி என்ற பெருமுரசில் மெல்லிய துணுக்காக மட்டும் ஒலித்து, இடையில் சிதறிச் சிதறி வந்து, இறுதியில்தான் குழு முழுவதும் ஒரே குரலாக இசைக்கும் பாடலாக எழுகிறது. நடுவில் ஒரு பகுதி முழுக்கத் தாளக் கருவிகளுக்கு மட்டுமே உரியது. அந்தச் சீற்றமும் துக்கமும் அமைப்பிலேயே இருக்கின்றன. வாசிப்பவர் தன் பங்குக்கு மேலும் சேர்க்க முற்பட்டால் அமைப்புதான் மங்கும்.

இறந்தவர்களைத் தெரியாதவர் அஞ்சலி செலுத்தலாமா என்று தயங்குகிறீர்கள். 1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்காக இசையமைப்பாளர் ஃபிராங்க் டிகெலி எழுதிய இரங்கல் இசையை, மறு ஆண்டு முதன்முதலாக வாசித்தவர்கள் அதே பள்ளியின் பேண்ட் மாணவர்கள். அதன் பிறகு அந்தப் பள்ளியை ஒருபோதும் பார்த்திராத எத்தனையோ குழுக்கள் அதை வாசித்துவிட்டன. முன்பின் தெரியாதவர்களும் எடுத்து வாசிப்பதால்தான் அந்த நினைவு ஓர் ஊரோடும் ஒரு தலைமுறையோடும் நின்றுவிடாமல் இருக்கிறது.

இனி உங்கள் வாத்தியத்துக்கு வருகிறேன். என் பார்வையில் முக்கியமான பகுதி இதுதான். மெல்லிய ஒலியில் நீண்ட கார்வை பிடிப்பது உரத்து வாசிப்பதைவிடக் கடினமானது. ஒலியைக் குறைக்கக் குறைக்க கிளாரினெட்டின் சுருதி ஏறப் பார்க்கும், ஃப்ளூட்டின் சுருதி இறங்கப் பார்க்கும். எனவே அஞ்சலி இசையின் மிக அமைதியான இடங்களில்தான் நீங்களும் ஃப்ளூட் வாசிப்பவரும் எதிரெதிர்த் திசைகளில் விலகுவீர்கள். விரைவான இசையில் அது கடந்துபோய்விடும். விளம்ப காலத்தில் எல்லோர் காதிலும் விழும். இன்னொன்று: இரண்டாம் கிளாரினெட்டுக்கு, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கோவையின் நடு ஸ்வரம் அடிக்கடி வந்து சேரும். மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜர் கோவையில் அந்த மூன்றாம் ஸ்வரம் தூய்மையாக ஒலிக்க வேண்டுமானால், அரை ஸ்வர இடைவெளியை 100 கூறாகப் பிரித்துப் பார்த்தால், சுருதி பார்க்கும் கருவியான ட்யூனர் காட்டும் இடத்திலிருந்து ஏறத்தாழ 14 கூறு கீழே அது அமர வேண்டும். கோவை மகிழ்ச்சியின் பக்கமா துயரத்தின் பக்கமா என்று தீர்மானிக்கும் ஸ்வரமும் அதுவே. இரண்டாம் கிளாரினெட் என்பதால் உங்கள் பங்கைச் சிறியதாக எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நீண்ட கார்வைகளில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் இசை அறுந்துவிடும். அடுத்த நாற்காலியில் இருப்பவர் மூச்செடுக்காத இடத்தில் நீங்கள் எடுக்க வேண்டும்; ஒலியைச் சற்றே தேய்த்து வெளியேறி, நாக்கால் தட்டாமல், முன்னைவிட மெல்லிய ஒலியில் மீண்டும் உள்ளே வர வேண்டும். நீங்கள் இல்லாத அந்த ஒரு நொடியைப் பக்கத்தில் இருப்பவர் தாங்குகிறார், அவர் இல்லாத நொடியை நீங்கள் தாங்குகிறீர்கள். அஞ்சலிக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு வேலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. குழுவோடு உண்டாகும் இந்தப் பிணைப்பே நீங்கள் தேடும் உணர்வு என்று நம்புகிறேன்.

கைதட்டலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி ஸ்வரம் அடங்கிய பிறகு நடத்துநர் கையை இறக்கும்வரை கருவியை இறக்கவோ தாளைப் புரட்டவோ கூடாது. அஞ்சலி இசையைத் துரிதமான மார்ச் (அணிவகுப்பு இசை) ஒன்றுக்கு முன்னால் வைக்காமல், இடைவேளைக்கு முந்தைய உருப்படியாக வைப்பது நல்லது. யாருக்காக வாசிக்கிறோம் என்பதை இசைக்கு முன்பே இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால் போதும், பின்னால் எதுவும் பேச வேண்டியதில்லை.

அடுத்த ஒத்திகைக்குச் செல்லும்போது ஒரு பென்சிலை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வரிசையில் இருக்கும் மற்ற கிளாரினெட் வாசிப்பாளர்களோடு அமர்ந்து, ஒவ்வொரு நீண்ட கார்வையிலும் யார் எங்கே மூச்செடுப்பது என்று பேசி முடிவு செய்து, அவரவர் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.