கரை அடியில் ஈரம், கலங்கலில் பலகை

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் ஓடையை மறித்துத் தாத்தா காலத்தில் போட்ட மண் கரை இருக்கிறது, பதினைந்து அடி உயரம். இப்போது ஹோம்ஸ்டே நடத்துவதால் அந்தக் குளத்தில் இரண்டு பெடல் படகு விட்டிருக்கிறோம். கரையின் வெளிப்பக்கம் அடியில் ஓரிடம் எப்போதும் சொதசொதவென்று கிடக்கிறது. சிமெண்ட் பூசி அடைத்துவிடலாமா? கோடையில் படகு தரை தட்டுகிறது, உபரி நீர் வழிந்து வெளியேறும் கலங்கலில் பலகை வைத்து ஒரு அடி தண்ணீர் கூட்டலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: இரண்டுமே வேண்டாம்.

பலகையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் அதிகம். மண் கரை கொஞ்சம் கசிந்தால் தாங்கும், மேலே வழிந்தால் தாங்காது, அறுத்துக்கொண்டு போய்விடும். கோடைக்கு மட்டும் என்றுதான் வைப்போம், அப்புறம் ஐப்பசியில் நடுராத்திரி மழை கொட்டும்போது டார்ச்சோடு போய் அதைப் பிடுங்குவது யார்? தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும் பலகை கையோடு வராது. படகுக்கு ஆழம் வேண்டுமென்றால் கரையை ஒட்டித் தோண்டாமல் நடுவில் தூர் வாருங்கள்.

சரி, ஈரம். மண் கரை என்றால் சிறிது கசியத்தான் செய்யும், அளவு கூடுகிறதா, மண்ணோடு வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. கசிவு ஓடி வரும் இடத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பிவிசி குழாயில் பிடித்து, பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை நிமிடம் என்று வாரம் ஒருமுறை குளத்தின் நீர்மட்டத்தோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரிலும் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட்டு, குளத்து நீரை இறக்கத் தொடங்குங்கள். ஒரேயடியாக இறக்கினால் ஊறிய உள்பக்கச் சரிவு பெயர்ந்து விழும், மெதுவாக.

சிமெண்ட் பூசினால் தண்ணீர் நிற்காது, கரைக்குள்ளேயே தேங்கி வேறு வழி தேடும். பொறியாளர் பார்த்த பிறகு மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று அடுக்கலாம், தண்ணீர் வெளியேறும், மண் உள்ளே நிற்கும். கரை மேல் சில்வர் ஓக் கன்று முளைத்திருந்தால் இப்போதே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், அது மக்கிய இடம் குழாயாகிவிடும். எலி வளை, நண்டு வளையும் அப்படித்தான்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு, உங்கள் கரை அதில் வராது. அதனால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமான வழக்கில் 1874இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) அவர் நஷ்டஈடு தர வேண்டாம் என்று விட்டது, பாசன ஏரி ஊருக்குத் தேவை, பராமரிப்பது அவர் கடமை, அலட்சியமும் இல்லை என்பதால். படகு விடும் குளத்துக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

ஓடைக்குக் கீழே வீடுகள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்கள் போன் நம்பரை மழைக்கு முன்னால் வாங்கி வையுங்கள்.