வாசகர் கேள்வி – பதில்: சேவை மனம் இருந்தால் சமூகப்பணி படிக்கலாமா?

கேள்வி: நான் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று உதவி வருவதால், மேற்கொண்டு சமூகப்பணி படித்து அதையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். “சேவை செய்வதை யாரும் தடுக்கவில்லை, அதற்கு எதற்கம்மா ஒரு பட்டமும் சம்பளமும்?” என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இன்னொரு தயக்கமும் உண்டு: பிறர் துயரத்தைக் கேட்டால் எனக்கு உடனே கண் கலங்கிவிடும். நான் இத்துறைக்குத் தகுந்தவள்தானா?

பதில்: உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவியவர்களில் பலர் வசதியான குடும்பங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள். நல்ல மனம் மட்டும் போதவில்லை என்பதை அவர்களோடு வேலை செய்தவர்களே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அறப்பணி அமைப்பொன்றில் இருந்த மேரி ரிச்மண்ட், இதற்கெனப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897இல் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்கால வகுப்பு ஒன்று தொடங்கியது. பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது அந்த வகுப்புதான்.

பயிற்சி எதற்கு என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு விண்ணப்பப் படிவத்தால். நான் களப்பயிற்சியில் இருந்தபோது, கணவரை இழந்த ஒரு பெண் உதவித்தொகைப் படிவத்துடன் வந்தார். பெயரை எழுதிவிட்டு, பேனாவைப் பிடித்தபடியே வெகுநேரம் பேசாமல் இருந்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. நான் பேனாவை வாங்கி, கேட்டுக் கேட்டு எழுதி, பத்து நிமிடத்தில் நான்கு பக்கங்களையும் நிரப்பிக் கொடுத்தேன். அன்றைய அறிக்கையில் அதைப் பெருமையாகவே குறிப்பிட்டேன். வாராந்தரக் கூட்டத்தில் அதைப் படித்த என் மேற்பார்வையாளர், “அவருடைய பேனா எந்த இடத்தில் நின்றது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பெயர் அவர் கையெழுத்தில், அடுத்த வரியிலிருந்து என் கையெழுத்தில் இருந்தது. அந்த அடுத்த வரி ‘திருமண நிலை’. கைம்பெண் என்று தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டிய அந்த இடத்தில் அவர் நின்றிருக்கிறார். அவரோடு சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய நான், எழுத்து வேலையை முடித்து அனுப்பிவிட்டேன்.

பட்டத்தின் உயிர் இந்த மேற்பார்வையில்தான் இருக்கிறது. தனிநபரோடும், குழுவோடும், ஒரு சமுதாயத்தோடும் பணிபுரியும் முறைகளைப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் களத்தில் செய்ததை எழுதி, அனுபவமுள்ள ஒருவர் முன் வைத்து, தன் பிழையைத் தானே காணும் பழக்கம் வீட்டிலிருந்தபடி வராது. உதவி தனிமனிதரோடு நின்றுவிடுவதும் இல்லை. சிகாகோவில் 1889இல் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் தங்கிப் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் கெல்லி, தொழிற்கூடங்களில் குழந்தைகள் படும் பாட்டை நேரில் சென்று ஆராய்ந்து பதிவு செய்தார். 14 வயது நிரம்பாதவர்களைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்தக்கூடாது என்று இல்லினாய் மாநிலம் 1893இல் சட்டம் இயற்றியதற்கு அந்த உழைப்பு பெரிய காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்து முடிக்கக்கூடிய வேலையா அது என்று அப்பாவிடம் கேளுங்கள்.

கண் கலங்குவது தகுதிக்குறைவு அன்று. சமூகப்பணியாளருக்கும் உதவி நாடி வருபவருக்கும் இடையிலான உறவின் ஏழு நெறிகளை 1957இல் வகுத்த பெலிக்ஸ் பீஸ்டெக், அவற்றுள் ஒன்றாக ‘கட்டுப்பாட்டுடன் கூடிய உணர்வு ஈடுபாட்டை’ வைத்தார். உணர்வு இருக்க வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. எதிரில் இருப்பவர் நம்மைத் தேற்ற வேண்டிய நிலைக்கு அது வளரக்கூடாது, அவ்வளவுதான். இதுவும் பயிற்சியில் வருவதே.

சம்பளத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். மருத்துவமனை, பள்ளி, சிறை, குழந்தைகள் பாதுகாப்பு எனப் பணியிடங்கள் பல உண்டு. ஆனால் சுமக்கும் பொறுப்புக்கு ஏற்ற ஊதியம் பல இடங்களில் கிடைப்பதில்லை. கோப்பு எழுதும் வேலை நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகம். இவற்றைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் உதவியை வேண்டாம் என்று மறுத்த முதியவர் ஒருவராவது அந்த இல்லத்தில் இருப்பார். அவர் ஏன் மறுத்தார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது முதலில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.