கால்பந்துப் புத்தகம் எழுதிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: விளையாட்டு நிருபராகச் சேர்ந்து, பிறகு கால்பந்து பற்றித் தமிழில் புத்தகங்கள் எழுதுவதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?

எழுதலாம். அரிசி பருப்புக்கு வேறு வழி பார்த்துவைத்துக்கொண்டு எழுதலாம்.

மதுரையில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகள் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன் நான். இதுவரை மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறேன், மூன்றும் கால்பந்து. கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் கைக்கு வருவது 10,000 ரூபாய். என் முதல் புத்தகம் அந்த 500ஐத் தொட நான்கு ஆண்டுகள் ஆயின. தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் பதிப்பாளர் அதைச் சமையல் நூல்களுக்கும் ஜோதிட நூல்களுக்கும் நடுவில் அடுக்கியிருந்தார். கையில் எடுத்துப் பார்த்த ஒருவர், “கிரிக்கெட்டில் ஏதாவது இருக்கிறதா?” என்று என்னிடமே கேட்டார். இந்தியக் கால்பந்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய நோவி கபாடியாவே டெல்லியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர்தான். ஆங்கிலத்திலேயே நிலைமை இது.

சரி, பிறகு ஏன் எழுதினேன்? பேப்பரில் இடம் கிடைக்காதவை என் நோட்டுகளில் சேர்ந்துகொண்டே போயின.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு பெண்கள் ஆட்டம். இடைவேளையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அக்காவின் பூட்ஸ், இரண்டு அளவு பெரியது. முன்பக்கத்தில் செய்தித்தாளை மடித்துத் திணித்திருந்தாள். வியர்வையில் அது கூழாகிவிட்டிருந்தது. கூழை வழித்தெறிந்துவிட்டு, பையிலிருந்து புதுத் தாளை எடுத்து நான்காக மடித்து, பெருவிரலால் உள்ளே தள்ளினாள். (எங்கள் பேப்பர் இல்லை, போட்டிப் பேப்பர். பார்த்ததும் அதுதான் முதலில் உறுத்தியது.) மறுநாள் நான் எழுதிக் கொடுத்த செய்தியில் அணிகளின் பெயரும் 2-0 என்ற முடிவும் மட்டும்தான் இருந்தன. என் இரண்டாவது புத்தகம் அந்த மடித்த தாளில்தான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 மே 22 அன்று லூதியானாவில், நம் மதுரையின் சேது எஃப்.சி. அணி மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. தேசிய அளவில் முதலிடம், சாதாரண விஷயமா? ஆனால் மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. கூடவே திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல் எண்ணிக்கை வேறு. அன்றிரவு டெஸ்கில் எல்லோரும் வேட்பாளர் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சேதுவுக்குக் கிடைத்தது ஒற்றைப் பத்தி. அதற்கடுத்த நாள் எல்லாப் பக்கங்களையும் முடிவுகள் விழுங்கிவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் ஆசிரியராக இருந்தாலும் தேர்தலுக்குத்தான் இடம் கொடுத்திருப்பேன். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து அந்த வெற்றியைத் தேடி நம் பழைய இதழைப் புரட்டுகிறவருக்கு அந்த ஒற்றைப் பத்திதானே மிஞ்சும்?

இனி நான் வாங்கிய அடி. முதல் புத்தகத்தில், 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்குக் காரணம் வெறுங்காலோடு ஆடக் கூடாது என்ற தடைதான் என்று எழுதிவிட்டேன். எல்லோரும் சொல்கிற கதை, நானும் சொன்னேன். அரசரடி ரயில்வே மைதானத்தில் மாலை நேரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், ரயில்வே அணியில் ஆடி ஓய்வு பெற்றவர், புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். “தம்பி, உங்களுக்கு இதை யார் சொன்னது?” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பிறகுதான் தேடினேன். போட்டியை நடத்தியவர்கள் பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் தயாராக இருந்தார்கள். நம் இந்தியக் கால்பந்துச் சங்கம்தான் அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரமில்லை என்று காரணம் சொல்லி விலகியது. அன்றைக்கு அவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. பூட்ஸ் கதை ஒரு சாக்கு என்று அணித்தலைவர் சைலேன் மன்னாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

தேடப்போன இடத்தில் வேறொன்றும் கிடைத்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பலர் வெறுங்காலோடு ஆடிய அணி, இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டுப் பிரான்ஸிடம் 1-2 எனத் தோற்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் இருந்தவர் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. இந்த இரண்டு பெயர்களையும், விளையாட்டுப் பக்கம் பார்த்துச் சம்பளம் வாங்கிய நான், நாற்பது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

மொழியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பக்கத் தமிழ் கையில் ஒட்டிக்கொள்ளும். மூன்று கோல் விழுந்தால் ‘கோல் மழை’, தோற்றால் ‘மண்ணைக் கவ்வியது’. முந்நூறு பக்கத்துக்கு அப்படி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். என் முதல் கையெழுத்துப் பிரதியில் பதினேழு இடத்தில் மழை பெய்திருப்பதாகப் பிழை திருத்தியவர் எண்ணிக் காட்டினார். ஆஃப்சைடு, கார்னர் போன்றவற்றைத் தமிழாக்குகிறேன் என்று இறங்காதீர்கள். மைதானத்தில் பையன்கள் கத்துகிற சொல்லையே எழுதுங்கள்.

ஆகவே வேலையை விடாதீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் மைதானத்திலேயே இருங்கள். நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். என் வீட்டில் ஒரு மூட்டை பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது, இன்றும் வயிறு எரிகிறது.

திருத்திய இரண்டாம் பதிப்பை அரசரடிக்கு எடுத்துப்போய் அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன். 1950 வரும் பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். தலையசைத்தார். பிறகு புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, “பென்சில் இருக்கிறதா தம்பி?” என்று கேட்டார்.