1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எல்லாமே மலிவாக இருந்ததா?

விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் மலிவுதான். ஆனால் அன்று அங்கு வாழ்ந்தவர்கள் அப்படி உணரவில்லை. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன், டாலருக்கு ஈடாகத் தங்கம் தரும் ஏற்பாட்டை நிறுத்தியதோடு, விலைகளையும் ஊதியங்களையும் 90 நாட்களுக்கு உயர்த்தக் கூடாதென்றும் தொலைக்காட்சியில் அறிவித்தார். அணை போட்டுத் தேக்கிய விலைவாசி பின்னர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது: 1973 ஏப்ரலில் விலையேற்றத்தைக் கண்டித்து இல்லத்தரசிகள் ஒரு வாரம் இறைச்சியைப் புறக்கணித்தார்கள். அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும், கேலன் 40 சென்டுக்குள் கிடைத்த பெட்ரோல் சில மாதங்களில் 50 சென்டைத் தாண்டியது. பல மாநிலங்களில், வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பெட்ரோல் ஊற்றினார்கள்.