ஆறாம் பாகம் வராத கோபமும் தை மாதக் கல்யாணமும்

கேள்வி: எனக்கு 27 வயது. காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஃபேன்டஸி நாவல் வரிசையைப் படிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு எல்லாம். வந்திருக்கும் ஐந்து பாகமும் கிட்டத்தட்ட மனப்பாடம். முதல் பாகத்துக்கு மட்டும் மூன்று பதிப்பு வைத்திருக்கிறேன். அறையில் அந்தக் கதையில் வருகிற ஓநாய்ச் சின்னம் போட்ட கொடி தொங்குகிறது. வருகிற தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தேவகோட்டை, அவருக்கு வேலை பெங்களூரில். “இதையெல்லாம் இங்கேயே பூட்டி வச்சுட்டுப் போ, பார்த்தா அவுக என்ன நினைப்பாக?” என்கிறார் ஆத்தா. மாப்பிள்ளையிடம் நானும் இதுவரை மூச்சு விடவில்லை. இன்னொன்று. ஆறாம் பாகம் வராத ஆத்திரத்தில், ‘சாவதற்குள் எழுதி முடிப்பீர்களா?’ என்று அந்த எழுத்தாளருக்கே எழுதிவிட்டேன். அது தப்பு என்று சொன்ன நெருங்கிய தோழியோடு இப்போது பேச்சு இல்லை. நான் செய்வது கிறுக்குத்தனமா? எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கிறுக்குத்தனம் இல்லை, அந்த ஒரு வரிக் கடிதத்தைத் தவிர. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஆத்தாவின் பயம். எழுத்தாளர் ஒருவர் மேல் உயிரை வைப்பது உங்கள் ஊருக்குப் புதுசா என்ன? 1939ல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன், தன்னைக் கம்பன் அடிப்பொடி என்றே சொல்லிக்கொண்டார். பங்குனியில் காரைக்குடியில் தொடங்கும் கம்பன் விழா, அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் போய்த்தான் முடியும். பக்கத்திலேயே கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கண்ணில் பட்ட அச்சுக் காகிதத்தையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பெரியவர்கள் செய்தால் தமிழ்த்தொண்டு, கல்யாணம் ஆகப்போகிற பெண் செய்தால் கிறுக்கு. இதில் ஆத்தாவை மட்டும் குறை சொல்ல முடியாது, நம் எல்லோர் கண்ணும் அப்படித்தான் பழகியிருக்கிறது. கம்பனும் அமெரிக்கக் கதைக்காரரும் ஒன்றா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் எழுதினவர்களை எடை போடவில்லை. படிக்கிறவர்களின் பித்தைச் சொல்கிறேன்.

அடுத்து, “இங்கேயே பூட்டி வச்சுட்டுப் போ.” செட்டிநாட்டு வீட்டில் புத்தகத்தைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் திறந்து, மற்ற நாளெல்லாம் சாத்திக் கிடக்கிற அறை. ராமபாணப் பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதிலும் எண்ணூறு பக்கத் தடிப் புத்தகம் என்றால், வெயிலில் முதுகுப் பசை காய்ந்து, அடுத்த முறை விரிக்கும்போது நடுவில் பிளந்து இரண்டாகக் கையில் வரும். வேப்பிலையும் வசம்பும் போட்டு வைக்கலாம்தான். ஆனால் எடுத்துத் தட்டி வைக்க ஆள் வேண்டுமே.

ஆத்தாவிடம் அவர் வழியிலேயே பேசுங்கள். கல்யாணம் ஆனால் நீங்கள் இருவரும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. புள்ளிக்கு ஒரு அறை உண்டு என்பது உங்கள் வீடுகளின் வழக்கம்தானே? அந்த அறையில் ஓநாய்க் கொடி தொங்குவதா, வேறு ஏதாவதா என்பது அந்தப் புள்ளியின் பாடு. ஒன்றை மட்டும் ஆத்தாவுக்கு விட்டுக்கொடுங்கள். சீர்ச் சாமான் பரப்பும்போது எவர்சில்வர் அடுக்குக்கு நடுவே புத்தகத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். அங்கே வருகிறவர்கள் எண்ணிப் பார்க்க வருகிறவர்கள். ஒரே புத்தகம் மூன்று இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். பெட்டி கட்டி நேரே பெங்களூருக்கு அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். “உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பாவம், அவர் வேறு எதையோ நினைத்துப் பதறிவிடுவார். அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது அந்தக் கொடி பின்னால் தெரியட்டும், அவரே கேட்பார். அந்த நாவல்களை வைத்து எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2011லிருந்து 2019 வரை ஓடியது, பார்த்திருக்கவும் கூடும். “கடைசி சீசன் சரியில்லை” என்பார். அப்போது வாயைக் கொஞ்சம் அடக்குங்கள். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஐந்து பாகத்தையும் அன்றைக்கே இறக்கிவிட வேண்டாம். அவர் சிரித்தால் பரவாயில்லை. ஏளனம் செய்தால், அந்த ஏளனம் புத்தகத்தோடு நிற்குமா என்று கல்யாணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

காசு விஷயம் உங்கள் சம்பளம், உங்கள் இஷ்டம். நாலாவது பதிப்பை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இனி அந்தக் கடிதம். மார்ட்டின் 1948ல் பிறந்தவர். முதல் பாகம் 1996ல் வந்தது, ஐந்தாவது 2011ல். ஆறாவது இன்னும் வரவில்லை. வாசகருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் ஐயாவிடம் போய், “சாவதற்குள் உயில் எழுதிவிடுவீர்களா?” என்று கேட்பீர்களா? பழைய டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் என்ற ஆதிகாலத்து மென்பொருளில் தட்டிக்கொண்டிருக்கிற மனிதர் அவர், 2014ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னது. அவசரப்படுத்தினால் ஓடுகிற ஆளாகவா தெரிகிறது? கையில் கிடைத்த ஐந்து புத்தகத்துக்கு நீங்கள் காசு கொடுத்தீர்கள், அவை வந்துவிட்டன. ஆறாவதற்கு அவர் உங்களிடம் அச்சாரம் எதுவும் வாங்கவில்லை.

எழுத்தாளர் முடிக்காமல் போனால்? போகலாம், போயிருக்கிறார்கள். ராபர்ட் ஜோர்டன் 1990ல் தொடங்கிய நீண்ட வரிசை முடியும் முன் 2007ல் காலமானார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013ல் முடித்தார். டெர்ரி பிராச்செட் நேர் எதிர். தன் முடியாத எழுத்துகள் யார் கைக்கும் போகக் கூடாது என்று அவர் விரும்பியதால், இறந்த பிறகு 2017ல் அவருடைய ஹார்டு டிஸ்கை ரோடு ரோலரை ஏற்றி நொறுக்கினார்கள். இரண்டுமே எழுதினவர் உரிமை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இரண்டாவதைக் கேட்டபோது வயிறு எரிந்தாலும்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1954ல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார், இப்படி அவசரமாக முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். கல்கி முடிவுரை எழுதி ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதே வருஷக் கடைசியில் அவர் காலமானார். பாதியில் நின்ற ‘அமரதாரா’வை அவர் மகள் ஆனந்திதான் முடித்தார். அப்பத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதை ஒன்றாவது அந்த வீட்டுப் பரணில் இருக்கும். விளம்பரப் பக்கமும் ஜோக்கும் சேர்த்தே தைத்திருப்பார்கள், ஒரு வாரத்து இதழ் மட்டும் காணாமல் போயிருக்கும். அந்த வாரத்தை யார் இரவல் வாங்கிப்போய்த் தொலைத்தார்கள் என்று அவர் இன்றைக்கும் பெயர் சொல்வார்.

மார்ட்டினுக்கு மன்னிப்புக் கடிதம் என்று தனியாக எழுத வேண்டாம். எந்த அத்தியாயத்தில் அழுதீர்கள், எதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். ஆறாம் பாகம் என்ற பேச்சே அதில் வரக் கூடாது. பதில் வராது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

தோழி விஷயம் அவசரம். அவர் சொன்னது சரி, அதுதான் உங்களுக்குச் சுட்டது. வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டுக்கே போய் வையுங்கள். “நீ சொன்னது சரிதான்” என்ற மூன்று வார்த்தையைப் படியேறியதும் சொல்லிவிடுங்கள். காபி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினால் சொல்ல மாட்டீர்கள்.

கடைசிக் கேள்வி, எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா? வேண்டாம். நடுராத்திரி வரை யாரோடாவது வாதம் செய்கிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் விடுங்கள், கல்யாண வீட்டில் அதற்கு நேரமும் இருக்காது. இடையில் படிக்க ஏதாவது வேண்டுமென்றால் உர்சுலா லெ குவின் 1968ல் ஆரம்பித்த ‘எர்த்ஸீ’ வரிசையை, அந்த மந்திரவாதிப் பையன் கதையை எடுங்கள். 1972ல் மூன்றாவதோடு முடிந்தது என்று எல்லோரும் இருந்தபோது, பதினெட்டு வருஷம் கழித்து 1990ல் நாலாவதைக் கொண்டுவந்தவர் அவர். முதல் புத்தகம் மெல்லிசு, கைப்பையில் அடங்கும். வரிசையும் முழுசாக முடிந்துவிட்டது, யாருக்கும் கடிதம் எழுதத் தேவையில்லை.